புள்ளலூர் சாலையில் ஒரு கல் நட்டால் அதில் என்ன எழுதுவது?

பாலாற்றங்கரை

காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம் பக்கம் அடிக்கடி போய் வருகிறவன் நான். அந்த வட்டாரத்தில் பைக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு போர்க்களம். 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை மொத்தமாக முடித்தார்கள். இந்தியாவில் கம்பெனிப் படை அதுவரை வாங்கிய அடிகளில் பெரிய அடி அதுதான். மறு வருடம் ஆகஸ்ட் 27, அதே ஊர், ஹைதருக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் இன்னொரு சண்டை. சரியாக ஒரு மாதம் கழித்து செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் அடுத்தது. இன்னும் பின்னால் போனால் 949இல் தக்கோலம், சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே இறந்த இடம்.

ஆனால் மெயின் ரோட்டில் போகிறவன் கண்ணில் படுவது போல ஒரு பலகை, ஒரு கல்? நான் பார்த்தவரை எதுவும் கண்ணில் படவில்லை. மனைப்பிரிவு விளம்பரம் மட்டும் கிலோமீட்டருக்கு நான்கு. புள்ளலூரில் 1781 சண்டையில் செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு இரண்டு தூண்கள் நிற்கின்றன, அதுவும் தேடிப் போகிறவர்களுக்குத்தான்.

சும்மா புலம்புவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. என் கேள்வி இதுதான்: நாளைக்கே புள்ளலூர் திருப்பத்தில் ஒரு கல் நட அனுமதி கிடைக்கிறது என்று வையுங்கள். அதிகபட்சம் அறுபது சொற்கள். வண்டியை ஓரம் கட்டுகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே படித்துவிட வேண்டும். என்ன எழுதுவீர்கள்?

கல்வெட்டுப்பித்தன்

நல்ல கேள்வி, ஆனால் பட்டியலில் பழையதை விட்டுவிட்டீர்களே. புள்ளலூரில் முதலில் சண்டை போட்டது ஹைதர் இல்லை, பல்லவர்கள். காரைக்கால் பக்கம் கிடைத்த காசாக்குடிச் செப்பேட்டில், முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கியமான பகைவர்களை அழித்தான் என்று வருகிறது. காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பகைவன் பெயரைச் செப்பேடு சொல்லவில்லை. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி என்றுதான் வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள்.

இதில் வேடிக்கை, புலிகேசியின் ஐஹொளெ கல்வெட்டைப் படித்தால் கதை தலைகீழ். பல்லவனைக் காஞ்சிக் கோட்டை மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்தேன் என்கிறது அது. அடுத்த தலைமுறையில் நரசிம்மவர்மன் புலிகேசியை மணிமங்கலத்திலும் மற்ற இடங்களிலும் தோற்கடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. மணிமங்கலமும் நம் பக்கத்து ஊர்தான், தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

ஆக ஒரே ஊரில், சுமார் 1,150 வருட இடைவெளியில் மூன்று போர். உங்கள் அறுபது சொல்லில் பல்லவனுக்கு ஒரு இருபது ஒதுக்கிவிடுங்கள்.

அரக்கோணம் பாசஞ்சர்

எங்கள் தக்கோலத்தைத் தொட்டதற்கு நன்றி பாலாறு அண்ணே. ஊரில் ஜலநாதீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். இங்கேதான் சோழப் பேரரசு ஒரு தலைமுறைக்கு முதுகெலும்பு ஒடிந்து கிடந்தது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் தக்கோலம் போருக்குக் கல்லே இல்லை என்று சொல்ல முடியாது. கல் இருக்கிறது, பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில். மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு அது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்று இராஜாதித்தனைக் கொன்றவன் கங்க அரசன் பூதுகன். அவன் கீழே மணலேரன் என்று ஒரு வீரன். சண்டையில் நன்றாகப் போரிட்டதற்காக என்ன வேண்டும் கேள் என்கிறான் பூதுகன். மணலேரன் கேட்டது ஊரும் இல்லை, பொன்னும் இல்லை. பூதுகனின் வேட்டை நாயைக் கேட்டான். நாயின் பெயர் காளி.

அப்புறம் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்துப்போயின. நாய்க்காக அவன் நட்ட கல்தான் அது. நாயும் பன்றியும் கட்டிப் புரளும் சிற்பமும் அதில் உண்டு, எழுத்தும் உண்டு. கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் எழுதி வைத்திருக்கிறார்கள். தக்கோலத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்பது இந்த நாய்க்கல்லில் போகிற போக்கில் வருகிறது. போரைப் பற்றி நமக்குக் கிடைத்த முக்கியமான சான்றுகளில் அது ஒன்று.

எங்கள் ஊரில் கல் வைத்தால் காளி பெயரும் அதில் வர வேண்டும், சொல்லிவிட்டேன்.

மைசூர் ரிட்டர்ன்

1780 சண்டையை யாரும் சரியாக ‘பார்க்க’வில்லை என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம் போங்கள். தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் பெரிதாக அந்தச் சண்டைதான். திப்பு வரையச் சொன்னது. நடுவில் சதுரமாக நெருக்கிக்கொண்டு நிற்கும் சிவப்புச் சட்டைகள். அவர்களுடைய வெடிமருந்து வண்டி தீப்பிடித்து வெடிக்கிறது. பல்லக்குக்குள் பெய்லி, விரலை வாயில் வைத்தபடி. மைசூர்ப் படையின் குதிரைகள் இரண்டு பக்கமும் அலை அலையாக வருகின்றன. ஹைதரும் திப்புவும் யானை மேல் உட்கார்ந்து கல்யாண ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மாதிரி பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதே காட்சியைக் காகிதத்தில் வரைந்த பழைய படம் ஒன்று 2022இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 6,30,000 பவுண்டு. படம் லண்டனில், சுவர் கர்நாடகத்தில், நாய்க்கல் பெங்களூரில். சண்டை நடந்த வயல் மட்டும் தமிழ்நாட்டில்.

சுருக்கமாகச்சொல்

எல்லாம் சரி. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் வெள்ளைக்காரன் தூணுக்கு வழிகாட்டி பலகை எதற்கு? நம் ஆட்களைக் கொன்று, நம் ஊரைக் கொளுத்தி, தங்கள் அதிகாரிகளுக்கு மட்டும் தூண் எழுப்பிக்கொண்டவர்கள் அவர்கள். அந்தத் தூண் இடிந்து விழுந்தால் எனக்கு ஒரு துளி கவலை கிடையாது.

பாலாற்றங்கரை

@சுருக்கமாகச்சொல், தண்ணீர் வேண்டும் என்பதில் யாருக்குச் சண்டை? ஒரு கருங்கல் பலகைக்கு ஆகிற செலவில் மேல்நிலைத் தொட்டி கட்ட முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஊரைக் கொளுத்தியது என்றால், அந்த வருடங்களில் இரண்டு பக்கமும் கொளுத்தியது. 1780 ஜூலையில் ஹைதரின் படை கணவாய்களில் இறங்கியதிலிருந்து சென்னை வாசல் வரை ஊர்கள் எரிந்தன. எதிரிக்கு ஒரு படி நெல் கிடைக்கக் கூடாது என்பதுதான் திட்டமே. அடுத்து வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் கம்பெனிக்காரர்களும் இல்லை, மைசூர்க்காரர்களும் இல்லை. கல்லில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தேன்மொழி டீச்சர்

இதைத்தான் சொல்ல வந்தேன். பெய்லியின் படை, துணைக்கு வந்த கம்பெனி அதிகாரி பிளெட்சர் கொண்டுவந்து சேர்த்த ஆட்களோடு சுமார் 3,800 பேர். உயிரோடு பிடிபட்ட ஐரோப்பியர் ஏறக்குறைய 200. படையில் பெரும்பாலோர் சிப்பாய்கள், நம் ஊர்களில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். தெலுங்கு பேசியவர்கள், தமிழ் பேசியவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் அதில் உண்டு. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். ஒருவனுக்கும் பெயர் இல்லை. பிரவுன், ஹிஸ்லப் என்ற இரண்டு பெயர்கள் மட்டும் இன்றைக்கும் தூணில் நிற்கின்றன.

முதல் உலகப்போருக்குப் பிறகு பல கிராமங்களில் பதித்த சின்னச் சின்னக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடத்திலோ பதித்திருப்பார்கள். வெள்ளைக்காரன் நம் ஆட்களுக்கு வைத்த கல், அதிலும் எண்தான் உண்டு, பெயர் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளிடம் அப்படி ஒரு கல்லைக் காட்டியபோது ஒருத்தி கேட்டாள்: ‘டீச்சர், இது ரேஷன் கார்டு மாதிரி தலைக்கணக்கு மட்டும் போட்டிருக்கே?’

தூணை இடிக்க வேண்டாம் சுருக்கம் சார். தூணில் இல்லாததைப் பக்கத்தில் எழுதுவோம். இடித்துவிட்டால் எது விட்டுப்போனது என்று காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது.

ரிச்மண்ட் ராமு

நான் இருக்கும் வர்ஜீனியாவில் இந்தச் சாலையோரப் பலகைகள்தான் பொழுதுபோக்கே. 1927இல் நம்பர் 1 நெடுஞ்சாலை ஓரத்தில் தொடங்கினார்கள். இன்றைக்கு மாநிலம் முழுக்க 2,600க்கு மேல். வார்ப்பு அலுமினியம், வெள்ளி நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்து, தலையில் ஒரு எண். போர்க்களம், பழைய வீடு, பள்ளிக்கூடம், ஒரு தலைவர் பேசிய மரத்தடி என்று எதுவாகவும் இருக்கலாம்.

நமக்குப் பாடமாக எடுக்க வேண்டியது அழகை அல்ல, நடைமுறையை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், காசு விண்ணப்பிப்பவர் தருவது. ஆனால் வாசகம் அவர் இஷ்டம் இல்லை. ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தால், அரசின் வரலாற்றுத் துறை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, வெட்டி, திருத்தி, ஒரு வாரியம் ஒப்புதல் தந்த பிறகுதான் வார்ப்புக்குப் போகும். சுமார் நூறு சொல்தான் வரம்பு.

அங்கேயும் பழைய பலகைகளில் தளபதிகளும் பங்களாக்களும்தான் அதிகம். அடிமைகளாக இருந்தவர்களின் கதை பின்னால்தான் வந்தது. பிழையும் சாய்வும் உள்ள பழைய பலகைகளைக் கழற்றிவிட்டுப் புது வாசகத்தோடு மாற்றி வைக்கிறார்கள். அதனால் டீச்சர் சொல்வது இங்கே மட்டும் உள்ள பிரச்சினை இல்லை.

கல்வெட்டுப்பித்தன்

நம் ஊர்ப் பலகைகளின் இலட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இந்தச் சின்னம் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது, சேதப்படுத்தினால் சிறை, இவ்வளவு அபராதம். 2010 திருத்தத்துக்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு வருடம் அல்லது ஒரு லட்சம் ரூபாய். 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். முழுக்கப் படித்து முடித்தாலும் இந்தக் கட்டடத்தை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்று ஒரு வரி இருக்காது. பெரிய இடங்களில் தனியாக ஒரு வரலாற்றுக் கல் வைத்திருப்பார்கள், அது வேறு. சின்ன இடங்களில் மிரட்டல் மட்டும்தான். என்ன செய்தால் ஜெயில் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வரலாம்.

சட்ட அறிவிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் கல்லையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அதே கம்பத்தில் நாலு வரி கதை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நெடுஞ்சாலை_ஓய்வு

பணியில் இருந்தபோது இந்த மாதிரி கோரிக்கைகள் மேசைக்கு வந்ததுண்டு. உணர்ச்சிவசப்படாமல் சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். மாநில நெடுஞ்சாலை எல்லைக்குள் என்றால் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். சாலையை நாளைக்கு அகலப்படுத்தும்போது முதலில் பிடுங்கப்படுவது உங்கள் கல்தான், பழைய மைல்கற்களே அப்படித்தான் போயின. அதனால் சாலைத் திருப்பத்தில் சிறிய அம்புக்குறிப் பலகை, கல்லை ஊர் எல்லைக்குள் பஞ்சாயத்து நிலத்தில். இதுதான் நிற்கும்.

இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாக எடைக்குப் போய்விடும். ஃப்ளெக்ஸ் ஒரு வெயிலுக்குத் தாங்காது. தகடு தப்பினாலும் கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கட்சி என்று சுவரொட்டி ஒட்டிவிடுவார்கள். கருங்கல்லில் எழுத்தை ஆழமாக வெட்டுங்கள், மேற்பரப்பை வழவழப்பாக்காமல் கொத்தி விடுங்கள். கொத்திய கல்லில் பசை சரியாகப் பிடிக்காது. பெயிண்ட் உதிர்ந்தாலும் எழுத்து விரல் தடவினால் தெரியும்.

இன்னொன்று, கல் வெட்டுகிறவர்கள் எழுத்துக் கணக்கில்தான் கூலி பேசுவார்கள். அறுபது சொல் என்று நீங்கள் வைத்த வரம்பு பட்ஜெட்டுக்கும் நல்லது.

கரிசல்காட்டான்

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைப் பானர்மேன் புளியமரத்தில் தூக்கில் போட்ட இடம். இன்றைக்குச் சிலை இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது. சிவாஜி கணேசன் சொந்தக் காசில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார் என்பது ஊரறிந்த கதை. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் மரம் இல்லை. வருகிற சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்பது ‘அந்த மரம் எங்கே’ என்றுதான்.

உத்தரப் பிரதேசத்து ஃபதேபூர் மாவட்டத்தில் பாவனி இம்லி என்று ஒரு புளியமரம் உண்டு. 1858இல் ஐம்பத்திரண்டு பேரை அதில் தூக்கிலிட்டார்கள். மரம் அதே இடத்தில் நிற்கிறது, அதையே நினைவிடமாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். கல்லில் செதுக்கிய எந்தச் சிலையும் அந்தக் கிளை செய்கிற வேலையைச் செய்யாது.

புள்ளலூரில் அந்தக் காலத்து மரம் ஏதாவது நிற்கிறதா? பெய்லி படை கடைசியாக நின்ற இடத்துப் பக்கம் பனை, புளி ஏதாவது?

பாலாற்றங்கரை

@கரிசல்காட்டான், 1780 மரம் இதுதான் என்று கைகாட்ட யாராலும் முடியாது அண்ணாச்சி. வழியில் ஒரு தோப்பு இருந்தது, அதில் மைசூர் பீரங்கிகள் மறைந்திருந்தன என்று படித்திருக்கிறேன். இன்றைக்கு நிற்கிற ஏதோ ஒரு மரத்தில் பலகையை மாட்டி ‘இதன் நிழலில் திப்பு நின்றார்’ என்று எழுதினால் மறுநாளே சூலம் நட்டுவிடுவார்கள், அல்லது பச்சைத் துணி கட்டிவிடுவார்கள். அப்புறம் நாம் போய் வரலாறு பேச முடியாது.

அரக்கோணம் பாசஞ்சர்

மரத்துக்கு வைக்கும் பலகை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அரசு அலுவலக வளாகங்கள்தான். ‘மாண்புமிகு இன்னார் அவர்களின் பொற்கரங்களால் நடப்பட்டது’ என்று கிரானைட் பளபளவென்று இருக்கும். பின்னால் மரம் இருக்காது, காய்ந்த குச்சி கூட இருக்காது. மரத்துக்குப் பலகையா, பலகைக்கு மரமா என்றே தெரியாது. அடுத்த வருடம் அதே குழியில் இன்னொருவர் நடுவார், இன்னொரு கிரானைட் வரும்.

தேன்மொழி டீச்சர்

பாசஞ்சர் தம்பி, சிரித்துவிட்டேன். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1989 புயல் காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது, விழுதுகள் தனித்தனி மரமாக நிற்கின்றன. இப்போது போகிறவர்கள் தாய்மரம் எது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். மரத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர், மரம் போன பிறகும் அர்த்தம் தருகிற மாதிரி எழுத வேண்டும்.

க்யூஆர்_கண்ணன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கல்லில் ஊர் பெயர், மூன்று வருடம், ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணினால் தமிழ், ஆங்கிலம், கன்னடம், இந்தி எல்லாம் வரும். படம், வரைபடம், வீடியோ போடலாம். பிழை இருந்தால் உள்ளே திருத்திக்கொள்ளலாம், கல்லை மாற்ற வேண்டாம்.

நெடுஞ்சாலை_ஓய்வு

தம்பி, நல்ல யோசனைதான், கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இணைய முகவரிக்கு வருடா வருடம் யார் பணம் கட்டுவார்கள்? சுற்றுலா இடங்களில் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து ‘பக்கம் இல்லை’ என்று வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த வயல்காட்டில் சிக்னல் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. கல்லில் இருப்பது தனியாகவே படிக்கும்படி இருக்க வேண்டும்.

கல்வெட்டுப்பித்தன்

நம் முன்னோர் இதைவிட நல்ல க்யூஆர் வைத்திருந்தார்கள். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பாருங்கள். நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கூடவே படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குழிகள்: பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. இரண்டு பெரிது, ஒன்பது சின்னது. இருட்டில் வருகிற வண்டிக்காரன் கையால் தடவியே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்வான். ரீசார்ஜ் தேவையில்லை.

பாலாற்றங்கரை

சரி, போதும் பேச்சு. ஒரு வரைவு போடுகிறேன், கிழியுங்கள்:

‘புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சாளுக்கியன் புலிகேசியை இங்கே வென்றான். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை அழித்தன. 1781 ஆகஸ்ட் 27 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இங்கே ஹைதரை வென்றார். அந்தப் போரில் இறந்த இரு ஆங்கில அதிகாரிகளின் தூண்கள் ஊருக்குள் உள்ளன.’

கல்வெட்டுப்பித்தன்

முதல் வரியில் ‘புலிகேசி’யை எடுத்துவிடுங்கள். செப்பேடு பெயர் சொல்லாதபோது கல் சொல்லக் கூடாது. ‘பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இங்கே தன் பகைவர்களை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது.’ யார் சொன்னது என்பதும் வந்துவிடுகிறது, ஐஹொளெக்காரர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மைசூர் ரிட்டர்ன்

1781க்கு ‘வென்றார்’ என்று எழுத முடியாது. அது அதிர்ஷ்டமான இடம் என்று ஹைதர் அதே களத்தில் காத்திருந்தார் என்று ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பீரங்கிச் சண்டை, சாயங்காலம் ஹைதர் பின்வாங்கினார், கூட் களத்தில் நின்றார். ஆனால் படையை முடிக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை, சாப்பாடு இல்லாமல் சில நாளில் அவரும் திரும்பினார். இரண்டு பக்கமும் வெற்றி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ‘இரு தரப்பும் வெற்றி கொண்டாடின’ என்று போடுங்கள், சொல்லும் மிச்சம்.

இன்னொன்று. வருகிறவர்கள் தூண்களைப் பார்த்துவிட்டு இது பெய்லிக்கு வைத்தது என்று நினைத்துப் போகிறார்கள். பெய்லி இங்கே சாகவில்லை. பிடிபட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே இறந்தார், நினைவு மண்டபமும் அங்கேதான். தூண் எந்த வருடத்தது என்று கல்லில் தெளிவாக வர வேண்டும்.

சுருக்கமாகச்சொல்

கவனித்தேன், நீங்கள் எல்லாரும் ராஜா, கர்னல் என்று திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். டீச்சர் கேட்ட சிப்பாய்கள் எங்கே? பாலாறு கேட்ட பஞ்சம் எங்கே? தூணுக்கு ஒரு முழு வரி கொடுத்திருக்கிறீர்கள், செத்த ஊர்க்காரனுக்கு ஒரு சொல் இல்லை. வைக்கிறதே வைக்கிறீர்கள், ஒழுங்காக வையுங்கள்.

தேன்மொழி டீச்சர்

அப்படிப் போடுங்கள் சார்! தூணே வேண்டாம் என்றவர்தான் இப்போது வாசகம் திருத்துகிறார் :)

அந்த வரியை இப்படி வைக்கலாமா: ‘தூண்களில் இரு ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் உள்ளன. இரு படைகளிலும் இறந்த சிப்பாய்களின் பெயர்களும், தொடர்ந்த பஞ்சத்தில் மடிந்த ஊர் மக்களின் பெயர்களும் எங்கும் பொறிக்கப்படவில்லை.’

அரக்கோணம் பாசஞ்சர்

கம்பெனித் தளபதி மன்ரோவை விட்டுவிட்டீர்களே! பெய்லியைக் காப்பாற்ற வேண்டியவர் காஞ்சிபுரத்தில் முழுப் படையோடு இருந்துகொண்டு, சில மணி நேர நடை தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டும் முழுப் படையோடு போய்ச் சேரவில்லை. பெய்லி ஒழிந்தார் என்றதும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். இந்தக் கதையில் ரசமான இடமே அதுதான்.

பாலாற்றங்கரை

பாசஞ்சர், அது காஞ்சிபுரத்துக் குளக்கரையில் வைக்க வேண்டிய கல். அதற்கு முன்னால் பெரம்பாக்கத்துக்கு ஒன்று. செப்டம்பர் 6 அன்று திப்பு பெய்லியை முதலில் மடக்கியது அங்கேதான். அதற்கும் முன்னால் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு ஒன்று. ஆற்றைக் கடக்காமல் வடகரையில் முகாம் போட்டு, ராத்திரி வெள்ளம் வந்து நாள்கணக்கில் மாட்டிக்கொண்ட இடம். அன்றைக்கே கடந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாரும் சொன்னதை வைத்துத் திருத்தியது:

‘புள்ளலூர்ப் போர்க்களம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இங்கே தன் பகைவர்களை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780 செப்டம்பர் 10: ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை அழித்தன. 1781 ஆகஸ்ட் 27: ஹைதரும் அயர் கூட்டும் மோதினர், இரு தரப்பும் வெற்றி கொண்டாடின. இந்த இரண்டாம் போரில் இறந்த இரு ஆங்கில அதிகாரிகளுக்குத் தூண்கள் உள்ளன. சிப்பாய்களின் பெயர்களும் தொடர்ந்த பஞ்சத்தில் மடிந்த மக்களின் பெயர்களும் எங்கும் பொறிக்கப்படவில்லை.’

ரிச்மண்ட் ராமு

எங்கள் வாரியம் இதை அப்படியே ஒப்புக்கொள்ளும் என்று நினைக்கிறேன், ஒரு கேள்வியோடு: ‘கம்பெனி’ என்றால் இன்றைய பிள்ளைக்குப் புரியுமா? ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று முழுசாகப் போடுங்கள். ஒரு சொல்தான் கூடும். கல்லுக்கு என் பங்கும் உண்டு.

நெடுஞ்சாலை_ஓய்வு

வாசகம் நன்றாக இருக்கிறது. தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே, எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையாமல். தூண்களின் தற்போதைய பொறுப்பு எந்தத் துறையிடம் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று வந்தால் 100 மீட்டருக்குள் கல் நடுவது கூட அனுமதிக்குரியது, அதனால் ஊர் எல்லையில் வைப்பதே பாதுகாப்பு. ஊர்க்காரர்களைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். வயல் அவர்களுடையது, தினம் அந்தக் கல்லைப் பார்க்கப் போவதும் அவர்கள்தான். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மனு மாதிரி வேண்டுமானால் தனிமடலில் அனுப்புகிறேன்.

பாலாற்றங்கரை

அனுப்புங்கள் சார். ஊரில் தெரிந்த ஒருவரிடம் பேசிவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘கல்லில் எங்கள் ஊர் பெயரைச் சரியாகப் போடுவீர்களா, இங்கிலீஷ்காரன் மாதிரி பொல்லிலூர் என்று போட்டுவிடுவீர்களா?’ சரியாகப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கேள்வி, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு கிடைக்குமா என்பது. பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் இல்லையாம். பட்ஜெட்டில் பெஞ்சையும் சேர்க்கிறேன்.

அரக்கோணம் பாசஞ்சர்

பெஞ்சுக்கு நான் தருகிறேன். அடுத்த கல் தக்கோலத்தில். காளியை மறக்காதீர்கள்.